பதினைந்தாயிரமாவது புதிர்

ஹாலிஃபாக்ஸ்,
10 மார்ச் 1986, திங்கள்

என் அன்புள்ள பெரிலுக்கு,

நலம்தானே? உன் அக்கா ஐவிக்கு முட்டிவலி தேவலையா? இங்கே குழாயெல்லாம் உறைந்து கிடந்து நேற்றுத்தான் தண்ணீர் வந்தது. பூனை உன் நாற்காலியை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. நான் வெந்தும் வேகாத உருளைக்கிழங்கும் டப்பா மீனுமாகக் காலம் தள்ளுகிறேன். நீ போய் ஐந்து வாரம் ஆகிறது, ஒரு தபால் அட்டைகூடப் போடவில்லை. அவ்வளவு கல்நெஞ்சா உனக்கு?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமைப் பத்திரிகையைப் பார்த்திருப்பாய். பல பேர் மாறி மாறிப் போடும் தினசரிக் குறுக்கெழுத்தில் பதினைந்தாயிரமாவது புதிர், நம் முறை. அடியில் 'அண்டங்காக்கை' என்ற நம் புனைபெயரைப் பார்த்ததும் வட இங்கிலாந்து பூராவும் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு ஆயிரத்துக்கும் நாம் ஏதாவது ஒளித்துவைப்போமே! பதினாலாயிரத்தில் விடைகளை வரிசையாகப் படித்தால், சூப்பிலிருந்து கேக் வரைக்கும் ஒரு கல்யாண விருந்தே வந்ததல்லவா? இந்த முறையும் அப்படித் தேடியிருக்கிறார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. இருந்தால்தானே கிடைக்கும்?

காலையில் பத்திரிகை ஆசிரியர் பாம்ஃப்ரெட் போன் செய்தார். "என்ன செட்ரிக், ஒரே தபாலில் நூத்தி நாப்பது கடுதாசி வந்திருக்கு. ஒருத்தர்கூட நல்ல வார்த்தை எழுதலை. இதைப் போட்டது அண்டங்காக்கையா, சோளக்கொல்லை பொம்மையான்னு ஒரு ஆள் கேக்கறார். உடம்புகிடம்பு சரியில்லையா?" என்றார். ஒரு அம்மாள் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்ததும் கொண்டாட வாங்கிவைத்திருந்த ஷெர்ரி ஒயின் புட்டியைத் திறக்காமலே அலமாரியில் திருப்பி வைத்துவிட்டாளாம். அதைக் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த மாதப் புதிருக்குக் கட்டம் போட்டுச் சொற்களையும் நிரப்பிவிட்டேன். குறிப்புகள்தான் வர மாட்டேன் என்கின்றன. பத்துப் பன்னிரண்டாவது எழுதி அனுப்பேன். உனக்கு அது ஒரு வேலையா?

உன்,
செட்ரிக்

ஸ்கார்பரோ,
13 மார்ச் 1986

செட்ரிக்குக்கு,

பூனைக்கு என் முத்தம். உனக்கு இந்தக் கடிதம் போதும்.

புதிரைப் பார்த்தேன். ஐவி முட்டை அவித்து எடுப்பதற்குள் போட்டு முடித்துவிட்டேன். அந்தப் பதினேழாவது குறிப்பைப் படித்தபோது எனக்கே மானம் போயிற்று. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட அப்படி எழுதாது.

நான் ஏன் வந்துவிட்டேன் என்று நீ இதுவரை கேட்கவில்லை. நானே சொல்லித் தொலைக்கிறேன். ஜனவரி கடைசியில் யார்க் நகரத்தில் ரசிகர்கள் உனக்கு விருந்து வைத்தார்கள். கெண்டலிலிருந்து வந்த அந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் டன்னிக்ளிஃப் எவ்வளவு மரியாதையாகக் கேட்டார்: "நீங்களும் இவர் புதிரைப் போட்டுப் பாப்பீங்களாம்மா?" நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "இவளுக்கா? இதைப் பார்த்தாலே தலை சுத்தும். இவ டிபார்ட்மென்ட் சாண்ட்விச்தான்!" மேஜையே சிரித்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன் பார், அதுதான் இன்னும் ஆறவில்லை.

இருபத்தாறு வருஷம், செட்ரிக். கட்டம் உன்னுடையது, மறுக்கவில்லை. குறிப்பு ஒவ்வொன்றும் என்னுடையது. துணி காயப்போடும்போது யோசித்து, ரொட்டிக் காகிதத்தின் பின்னால் எழுதி உன் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பேன். "அண்டங்காக்கைக்கு என்ன நாக்கு!" என்று ஊர் மெச்சுவது என் நாக்கை. அதற்குச் சன்மானமும் கேட்டதில்லை, சால்வையும் கேட்டதில்லை. ஆனால் தலை சுற்றுமாம் எனக்கு!

"நீயே பத்திரிகைக்கு எழுதிப் போடேன்டி, என்ன பயம்?" என்கிறாள் ஐவி. நான் எழுதினால் கோபித்துக்கொண்டு போன பெண்டாட்டியின் புலம்பல் என்பார்கள். நீதான் எழுத வேண்டும். அண்டங்காக்கை என்பது இரண்டு பேர், அதில் ஒருத்தி பெரில் ஹார்கிரீவ். இந்த ஒரு வரி அச்சில் வரட்டும், அன்றைக்கே ரயில் ஏறுகிறேன். வராவிட்டால் நானும் வர மாட்டேன்.

பெரில்

ஹாலிஃபாக்ஸ்,
17 மார்ச் 1986

என் பெரிலுக்கு,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். அன்றைக்கு யார்க்கில் சொன்னதை நான் மறந்தே போயிருந்தேன். மறந்தது இன்னும் பெரிய தப்பு என்று நீ சொல்வாய். ஆமாம், தப்புதான். மன்னித்துக்கொள்.

இங்கே கூத்தைக் கேள். கடிதம் முந்நூறைத் தாண்டிவிட்டது. அண்டங்காக்கை ஏமாற்றாது என்று இன்னும் சிலர் விடாப்பிடியாகத் தேடுகிறார்களாம். ஒருவர் கட்டத்தைக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்துப் படித்திருக்கிறார். ஹல் நகரத்தில் ஒருவர் கண்ணுக்குத் தெரியாத மை இருக்கிறதா என்று மெழுகுவர்த்தியில் காட்டி, பத்திரிகையோடு மேஜைவிரிப்பையும் பொசுக்கிக்கொண்டாராம். டன்னிக்ளிஃப்புக்கு ராத்தூக்கமே இல்லையாம்.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, 29-ஆம் தேதி, வாசகர்களுக்குப் பதில் சொல்ல பாம்ஃப்ரெட் எனக்கு அரைப் பத்தி ஒதுக்கியிருக்கிறார். அதில் எழுதிவிடுகிறேன். இப்படித் தொடங்கியிருக்கிறேன்: 'அண்டங்காக்கை என்று ஒரு ஆள் இல்லை. கட்டம் என்னுடையது. நீங்கள் இத்தனை வருஷம் ரசித்த குறிப்புகள் என் மனைவி பெரில் ஹார்கிரீவ் எழுதியவை.' சரியாக இருக்கிறதா?

உண்மையைச் சொல்கிறேன், பயமாக இருக்கிறது. அறுபத்து மூன்று வயதில் பாதி ஆளாக ஊர் முன்னால் நிற்பது லேசில்லை. ஆனாலும் எழுதிவிடுவேன். நீ வா.

செட்ரிக்

ஸ்கார்பரோ,
21 மார்ச் 1986

அன்புள்ள செட்ரிக்,

சரியாக இருக்கிறது. ஒரு எழுத்தையும் மாற்றாதே.

படித்துவிட்டு ஐவியின் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவளுக்குத் தெரியாது என்று நினைத்தேன். வெளியே வந்ததும், "அழுதது போதும், அச்சில் வந்த பிறகு பெட்டியைக் கட்டு. அவன் வாய்ச்சொல்லில் வீரன்டி" என்றாள். அவளுக்கு உன்னை என்றைக்குப் பிடித்தது?

நான் இப்போதே கட்டிவிட்டேன். சனிக்கிழமை காலை ஒன்பதேகால் ரயில். பத்திரிகையை ஸ்டேஷனில் வாங்கிப் படித்துக்கொண்டே வருகிறேன். கறிக்கடையில் ஆட்டுத்தொடைக்குச் சொல்லிவை, ஈஸ்டர் கூட்டத்தில் கடைசி நேரத்தில் கிடைக்காது. சிலுவை ரொட்டி நான் சுட்டுக் கொண்டுவருகிறேன். உன் அடுத்த மாதப் புதிருக்கு மூன்று குறிப்புகள் வந்துவிட்டன. ஒன்றைப் படித்தால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். இப்போது சொல்ல மாட்டேன்.

பயப்படாதே. பாதி ஆள் என்று யார் சொன்னது? எத்தனை பேருக்குக் கட்டம் போட வரும்?

உன் பெரில்

ஸ்கார்பரோ ரயில் நிலையத் தேநீர்க் கடை,
29 மார்ச் 1986, காலை

செட்ரிக்குக்கு,

ஒன்பதேகால் ரயில் போய்விட்டது. நான் ஏறவில்லை.

உன் அரைப் பத்தியை உனக்கே எழுதிக் காட்டுகிறேன், நாளைக்கு மறந்துவிட்டேன் என்பாய்: 'கெண்டல் நண்பர் டன்னிக்ளிஃப் கண்டுபிடித்துவிட்டார். எதையும் ஒளிக்காததுதான் இந்தப் புதிரில் ஒளித்துவைத்தது. பழக்கத்தில் தேடுகிறவர்களுக்கு ஒரு சின்னப் பாடம். வணக்கத்துடன், அண்டங்காக்கை.'

சின்னப் பாடமா? நெஞ்சைத் தொட்டுச் சொல், நீ பாடமா நடத்தினாய்? முடியாமல் போட்டாய். அந்த அப்பாவித் தலைமையாசிரியர் உன்னை நம்பி ஒரு காரணம் தேடிக் கொடுத்தார், நீ அதை வாரிப் போட்டுக்கொண்டாய். என் பெயர் வர வேண்டிய இடம் அது.

பக்கத்து மேஜையில் ஒரு கணவனும் மனைவியும் உன் பத்தியைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார்கள். "அடேங்கப்பா, என்ன மூளை இந்த மனுஷனுக்கு!" என்கிறான் அவன். நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே தேநீரைக் குடிக்கிறேன். ஐவிக்கு என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியவில்லை. அவள் ஒன்றும் கேட்க மாட்டாள், அதுதான் இன்னும் கொடுமை.

மூன்று குறிப்புகளும் பையில் இருக்கின்றன. அவை என்னுடையவை, என்னிடமே இருக்கும்.

இனி எனக்கு எழுதாதே.

பெரில்

ஹாலிஃபாக்ஸ்,
14 ஏப்ரல் 1986, திங்கள்

பெரில்,

எழுதாதே என்றாய். இது ஒன்றை மட்டும் படி.

என்ன நடந்தது என்று சொல்கிறேன், சமாதானம் சொல்லவில்லை. ஈஸ்டருக்கு முந்தின புதன்கிழமை பாம்ஃப்ரெட் போனில் டன்னிக்ளிஃப்பின் கடிதத்தை வாசித்துக் காட்டினார். "செட்ரிக், நிஜமாவே இதுதானா? அடப் பாவி, எங்களையெல்லாம் முட்டாளாக்கிட்டியே!" என்று ஒரே சிரிப்பு. நான் பொய் சொல்ல வேண்டியதுகூட இல்லை, 'உம்' கொட்டினால் போதும். கொட்டிவிட்டேன். உனக்கு எழுதிக் காட்டிய தாள் அப்போது என் கையில்தான் இருந்தது. கோழை என்று திட்டு, தகும்.

போன சனிக்கிழமை யார்க்கில் மறுபடி விருந்து வைத்தார்கள், இந்தப் பதினைந்தாயிரத்துக்காகவே. நூற்றிருபது பேர். வெள்ளிப் பேனா கொடுத்தார்கள். என்னால் அதை வாங்க முடியவில்லை. எழுந்து நின்று சொல்லிவிட்டேன்.

"இதுல பாடமும் இல்லை, ஒண்ணும் இல்லை. எனக்குக் குறிப்பு எழுத வராது. இத்தனை வருஷமும் எழுதினது என் மனைவி. அவ என்னை விட்டுட்டுப் போயிட்டா, அதான் புதிர் அவ்வளவு மட்டமா இருந்துச்சு. அவ பேர் பெரில். இப்போ ஸ்கார்பரோவில இருக்கா."

என் மனசு இருபத்தாறு வருஷத்தில் அவ்வளவு லேசாக இருந்ததில்லை. அப்புறம் டன்னிக்ளிஃப் கை தட்டினார்.

"நான் சொன்னேன்ல! பாடம் இன்னும் முடியலைன்னு சொன்னேன்ல! மனைவி போயிட்டான்னா என்ன? இதுவே ஒரு குறிப்பு, சொல்லிலேருந்து ஏதோ எழுத்தை எடுத்துடச் சொல்றார்! எழுதிக்கோங்க, எழுதிக்கோங்க!"

எல்லோரும் பென்சிலை எடுத்தார்கள். "ஸ்கார்பரோ எத்தனை எழுத்து?" என்று பின்னாலிருந்து ஒரு அம்மாள் கேட்டாள். "ஐயோ, நிஜமாத்தான் சொல்றேன், தயவுசெஞ்சு நம்புங்க!" என்று மேஜையைக் குத்தினேன். கத்தக் கத்த இன்னும் பலமாகத் தட்டினார்கள். பாம்ஃப்ரெட் வந்து தோளைக் கட்டிக்கொண்டு, "பிரமாதம்யா, கண்ணுல தண்ணிகூட வந்துடுச்சே உனக்கு!" என்றார்.

உன் பெயரை நூற்றிருபது பேர் முன்னால் உரக்கச் சொன்னேன், பெரில். அவர்கள் அதில் எத்தனை எழுத்து என்று விரல்விட்டு எண்ணினார்கள். இப்போது நீயே நேரில் வந்து நின்று சொன்னாலும், நான் அனுப்பிவைத்த ஆள் என்றுதான் சொல்வார்கள்.

செட்ரிக்