சித்தப்பாவின் சதுரம்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் அத்தான் முழங்கால் வலி என்று புலம்பிக்கொண்டே தினமும் மூன்று மாடி ஏறி இறங்குகிறார். சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. அதைக் காட்டுவதற்காகவே காரணமில்லாமல் சிரிக்கிறாள். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மூன்று வருடமாகத் தள்ளிப்போட்ட குடலிறக்க ஆபரேஷனுக்கு ஒருவழியாக நீ தலையாட்டிவிட்டாயாம். அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி என்று உன் மனைவி சொன்னாள். உன்னைச் சம்மதிக்க வைத்ததற்கு அவளுக்கு மாலையே போடலாம். இந்தக் கடிதம் அதைப் பற்றித்தான். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் ஆஸ்பத்திரி என்ற சொல் காதில் விழுந்ததும் நீ போனை அவள் கையில் கொடுத்துவிட்டு நழுவிவிடுவாய். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ஆபரேஷனை ரத்து செய்ய இதில் உனக்கு ஒரு சாக்கும் கிடைக்காது. கடைசிவரை படி.

என் வேலையைப் பற்றி யாராவது கேட்டால், "ஆஸ்பத்திரில உக்காந்து பேசுற வேலை" என்று சொல்கிறாயாமே. தப்பில்லை. லிப்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, வட்ட மேசை, நான்கு நாற்காலி, ஒரு பெட்டி டிஷ்யூ பேப்பர். லட்சத்தில் ஒருவருக்கு வருகிற நோயோடு அலைந்து திரிந்தவர்கள் அங்கே வந்து உட்கார்வார்கள். மூன்று தலைமுறைக் கதையைக் கேட்டுப் படமாகப் போடுவேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் என்றால் மேலே ஒரு குறுக்குக் கோடு. அதன் பிறகு எந்தப் பரிசோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று விளக்குவேன். மரபணு ஆலோசகர் என்பது இவ்வளவுதான்.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு தையல்காரம்மா வந்தார். அவருடைய ஒன்பது வயதுப் பையன் காய்ச்சல் வந்து இரண்டு வேளை சாப்பிடாவிட்டால் துவண்டு விழுந்துவிடுவான். ஏழு டாக்டர் பார்த்தும் என்ன நோய் என்று தெரியவில்லை. புகுந்த வீட்டில் பழியை மட்டும் சரியாகக் கண்டுபிடித்திருந்தார்கள்: எல்லாம் அந்த அம்மாவின் வம்சத்துக் கோளாறாம். அதனால் நான் பேனாவை எடுத்ததுமே அவர் முகம் இறுகிவிட்டது. "கல்யாணத் தரகர்கூட இவ்வளவு கேக்க மாட்டாங்கம்மா. மொதல்ல உங்க வீட்டுக் கதையச் சொல்லுங்க, அப்புறம் நான் சொல்றேன்" என்று கையைக் கட்டிக்கொண்டார்.

சரி, விளையாட்டுப் போல இருக்கட்டும் என்று நம் வீட்டை வரைந்தேன். அப்பாவுக்கு ஒரு சதுரம், பக்கத்தில் சித்தப்பாவுக்கு ஒரு சதுரம், இரண்டின்மேலும் ஒரு கோடு. அந்த அம்மா சித்தப்பாவின்மேல் விரலை வைத்து, "இவரு எப்படித் தவறுனாரு?" என்று கேட்டார். ஆபரேஷனில் போய்விட்டார், அந்த டாக்டருக்குக் கைராசி இல்லை என்றேன். நம் வீட்டில் எப்போதும் சொல்கிற பதில்தானே. அவர் விடவில்லை. "கைராசி கெடக்கட்டும், உடம்புக்கு என்ன ஆச்சு?" என்றார். இருபத்தெட்டு வயது, குடல்வால் ஆபரேஷன், மயக்கம் கொடுத்த கொஞ்ச நேரத்தில் உடம்பு அனலாய்க் கொதித்து, தாடை இறுகி, கைகால் விறைத்துவிட்டதாம் என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன்.

வேறு யாராவது என் எதிரே உட்கார்ந்து இதைச் சொல்லியிருந்தால் அடுத்த நிமிடமே மயக்க மருந்து டாக்டருக்குப் போன் போட்டிருப்பேன். பதினாறு வருடமாக ஊர் வீட்டுச் சதுரங்களைக் குடைந்து குடைந்து கேட்டவள், நம் வீட்டுச் சதுரத்தைக் கைராசி என்று மூடி வைத்திருக்கிறேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த அம்மாவுக்கோ பரம சந்தோஷம். என் கையிலிருந்த பேனாவை வாங்கித் தன் குடும்பப் படத்தைத் தானே வரைந்தார். கோடுகள் என்னுடையதைவிட நேராக இருந்தன. பையனின் நோய்க்கு இப்போது பெயர் கிடைத்துவிட்டது. அது தாய் வழி, தந்தை வழி இரண்டிலிருந்தும் வந்தால்தான் வரும். நீண்ட நேரம் பட்டினி கிடக்கக் கூடாது, அவ்வளவுதான் பத்தியம். இனிப் பழியில் பாதி புகுந்த வீட்டுக்கும் உண்டு என்று சொல்லி அந்த அம்மா என் அறையில் உட்கார்ந்து ஒரு மூச்சு சிரித்தார்.

அன்று மாலையே சித்திக்குப் போன் செய்தேன். கல்யாணமாகி எட்டு மாதத்தில் அவரைப் பறிகொடுத்தவள். நான் கேட்டதற்கெல்லாம் நேற்று நடந்தது போலப் பதில் சொன்னாள். மயக்க வாயுக்கள் சிலவும் அதோடு போடுகிற ஓர் ஊசியும் சிலருடைய உடம்புக்கு மட்டும் ஆகாது, தசையெல்லாம் முறுக்கிச் சூடேறிவிடும், சித்தப்பாவுக்கு அதுவாக இருக்கலாம் என்றேன். அதை மறுபடியும் ஒருமுறை சொல்லச் சொன்னாள். பிறகு, "வயித்து வலி தாங்காம துடிச்சப்பகூட அவரு ஆபரேஷன் வேணாம் வேணாம்னாரு. நான்தான் புடிச்சித் தள்ளி அனுப்புனேன். முப்பத்திரண்டு வருஷமா அதத்தான் நெனச்சிட்டிருக்கேன்" என்றாள். ஆபரேஷனுக்கு அனுப்பாமல் இருந்திருந்தால் குடல்வால் வெடித்தே போயிருப்பார், நீ செய்ததுதான் சரி என்றேன். அழுதாள், பிறகு நன்றாக மூக்கைச் சிந்திவிட்டு, சின்னவளின் பல்லைப் பற்றி விசாரித்தாள். இப்போதெல்லாம் வாரத்துக்கு இரண்டு முறை அவளே கூப்பிடுகிறாள்.

நான் அதற்கான மரபணுப் பரிசோதனை செய்துகொண்டேன். போன வாரம் முடிவு வந்தது. எனக்கு அந்தக் கோளாறு இருக்கிறது. என் பிரசவத்தில் முதுகில் ஊசி போட்டுத்தான் ஆபரேஷன் செய்தார்கள். அந்த ஊசியால் இதில் ஆபத்தில்லை, தெரியாமலே தப்பியிருக்கிறேன். அம்மாவுக்குப் பார்த்தாயிற்று, அவளிடம் இல்லை. ஆக, அப்பா வழி. அவர் ஒரு பல்லைக்கூடப் பிடுங்கிக்கொள்ளாமல் எண்பது வயது இருந்துவிட்டுப் போனார். நீயும் இதுவரை கத்தி படாதவன். உனக்கு இருக்கப் பாதி வாய்ப்பு, இல்லாமல் இருக்கப் பாதி.

முடிவைப் படித்தபோது என்னைப் பற்றி எனக்குக் கவலையே வரவில்லை. உன் பன்னிரண்டாம் தேதிதான் கண்ணில் நின்றது. பயந்துதான் போனேன், தம்பி. பிறகு தேதிக்கு முன்பே தெரிந்துவிட்டதே என்று ஒரே குஷி. அன்று கேன்டீனில் எல்லோருக்கும் என் செலவில் காபி.

என்னிடம் வருகிறவர்களுக்கு இப்படிச் செய்யுங்கள் என்று நான் சொல்வதே இல்லை. விவரம் என்னுடையது, முடிவு அவர்களுடையது. அந்த நாகரிகமெல்லாம் உன்னிடம் செல்லாது. இத்துடன் இருக்கும் என் பரிசோதனை முடிவுத் தாளை மயக்க மருந்து டாக்டரின் கையிலேயே கொடு. நர்ஸிடம் கொடுத்துவிட்டு ஓடி வராதே. அவருக்குத் தெரிந்துவிட்டால் வேறு மருந்து, வேறு முறை எல்லாம் உண்டு. உடம்பு சூடேறினால் அதை முறிக்கும் மருந்தையும் பக்கத்தில் தயாராக வைத்துக்கொள்வார். பரிசோதனைக்கு ரத்தமும் கொடு. முடிவு வரும்வரை உனக்கும் இருக்கிறது என்றே அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். ஆபரேஷனை மட்டும் தள்ளிப்போடாதே. நின்றுபோய்விட்டது என்று உன் மனைவி ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த வண்டி பிடித்து வந்து நிற்பேன். உன் அத்தானையும் கூட்டிக்கொண்டு வருவேன், அவர் முழங்கால் கதையை நீதான் கேட்க வேண்டும்.

பன்னிரண்டாம் தேதி லீவு போட்டிருக்கிறேன். எங்கும் போகவில்லை, போனுக்குப் பக்கத்திலேயே இருப்பேன். உனக்கு மயக்கம் தெளிந்ததும் போனை உன் காதில் வைக்கும்படி உன் மனைவியிடம் சொல்லியாகிவிட்டது. நீ எதுவும் பேச வேண்டாம். ஒரு "உம்" கொட்டினால் போதும்.

நூறு வயதுவரை உன்னோடு சண்டை போட ஆசைப்படும்,
உன் அக்கா