சிவப்புக் கம்பளி சுற்றிய கைப்பிடி

படகிலிருந்து
ஜனவரி 12, திங்கள் மாலை

என் செல்ல மகள் ஃபியோனாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் டேனும் அந்த ஊர் வெயிலில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று நீ ஒரு வரி எழுதிப் போட்டால் அதை வைத்து எனக்கு ஒரு வாரம் ஓடும். இங்கே நாங்கள் இருவரும் மூச்சோடும் சூட்டோடும் இருக்கிறோம், சூடு அடுப்புப் பக்கம் மட்டும்தான். ஃபோனில் பேசாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். வீடாக வைத்திருக்கிற இந்த ஏழடி அகலப் படகில் ஒருவர் ஃபோனில் பேசுவது மற்றவருக்குக் கேட்காமல் இருக்க வழியே இல்லை, இது அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிற கடிதம். நாலரை மணிக்கு இருட்டியதும் அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு மதகு வரை நடந்து போய்விட்டு வருகிறார், அங்கே நின்று பார்ப்பதையும் சேர்த்து நாற்பது நிமிடம் ஆகும், அந்த நேரத்தில்தான் எழுதுகிறேன். அறுபத்தெட்டு வயதில் மேசைக்கடியில் கதைப்புத்தகம் ஒளிக்கிற பள்ளிக்கூடப் பெண் மாதிரி, கரைப்பாதையில் காலடி கேட்டால் தாளைக் கேக் டப்பாவுக்குள் போட்டு மூடிவிடுகிறேன். பயமாகத்தான் இருக்கிறது கண்ணு. ஏன் என்று சொல்கிறேன், முதலில் வீட்டு விஷயங்களைச் சொல்லி முடித்துவிடுகிறேன், கை பழகட்டும்.

புத்தாண்டிலிருந்து கால்வாய் உறைந்து கிடக்கிறது. ஒரே இடத்தில் பதினாலு நாளுக்கு மேல் படகைக் கட்டக்கூடாது என்கிற விதியெல்லாம் பனிக்கட்டி பிடித்தால் செல்லாது, அதனால் இருந்த இடத்திலேயே இருக்கிறோம். காலை ஆறு மணிக்கு எழுந்து அடுப்புச் சாம்பலை வழித்துக் கொட்டி, கரி போட்டு, அது பிடிக்கிற வரை கோட்டோடு உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னல் உள்பக்கமெல்லாம் வியர்த்து வழிகிறது, மெத்தையின் அடிப்பக்கம் ஈரம், தினமும் தூக்கி நிறுத்தி வைக்க வேண்டியிருக்கிறது. குடிநீர்க் குழாய் உறைந்துவிட்டது, அப்பா மூன்று கேன்களைத் தள்ளுவண்டியில் வைத்துப் பாலத்துக்குப் பக்கத்துப் பண்ணையிலிருந்து கொண்டுவருகிறார், அதே வண்டியில்தான் கழிவறைப் பெட்டியும் காலி செய்யப் போகிறது, எது எந்த நாள் என்று கேட்காதே. சூரிய ஒளித் தகட்டுக்குச் சூரியனே இல்லை, விளக்கைச் சிக்கனமாகப் போடுகிறோம். துவைத்த துணி அடுப்புக்கு மேல் கொடியில் தொங்குகிறது, குனிந்து போனாலும் அப்பாவின் ஈரக் காலுறை என் முகத்தில் இடிக்கிறது. பகலெல்லாம் சூப், ராத்திரி அடுப்புக்குள் வைத்துச் சுட்ட உருளைக்கிழங்கு. நான் குறை சொல்லவில்லை. பன்னிரண்டு குளிர்காலம் இப்படித்தான் போனது. இந்த வருடம் இடுப்பு ஒத்துழைக்கவில்லை, அவ்வளவுதான் என்று எழுத நினைத்தேன். அவ்வளவுதான் இல்லை.

கிறிஸ்துமஸ் முடிந்த இரண்டாம் நாள் இடம் மாற வேண்டியிருந்தது. மதகுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பிப் படகை உயர்த்தி மேல் நீருக்கு வந்தோம். நீ வந்திருந்தபோது பார்த்திருக்கிறாய், அப்பா சுக்கான் பிடிப்பார், நான் இறங்கிப் போய் மதகுக் கதவின் ஷட்டரைச் சுற்றித் திறந்து தண்ணீர் விடுவேன், படகு வெளியே வந்ததும் கதவை மூடி ஷட்டரை இறக்குவேன். ஷட்டரில் மாட்டிச் சுற்றிவிட்டுக் கழற்றி எடுத்துவர வேண்டிய இரும்புக் கைப்பிடி குளிரில் கையில் ஒட்டிக்கொள்கிறது என்று என்னுடையதில் மட்டும் சிவப்புக் கம்பளி நூல் சுற்றி வைத்திருக்கிறேன். அன்று ஆலங்கட்டியும் மழையும் கலந்து முகத்தில் அடித்தது. எதிர்ப்பக்கத்து ஷட்டர்தான் கடைசியாக இறக்க வேண்டியது. அங்கே நின்றபோது நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா, உன் வீட்டுக் குளியல் தொட்டியை. கழுத்து வரை வெந்நீர். அப்பா ஹாரன் அடித்தார், வந்துவிட்டேன் என்று ஓடினேன். அவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது. படகைக் கட்டிய பிறகு, கதவு சரியாக மூடியதா என்று பார்க்க அப்பா இருட்டில் ஒருமுறை போய்விட்டு வந்தார். அவர் போனது இந்தப் பக்கம் மட்டும்.

மறுநாள் விடியும் முன் நான் எழுந்து கால் வைத்தால் தரை சரிந்திருக்கிறது. கெட்டில் அலமாரியிலிருந்து உருண்டு கிடக்கிறது. ராத்திரி முழுவதும் மேல் நீர் மதகு வழியாக வடிந்துபோய், அங்கே கட்டியிருந்த ஏழு படகும் சேற்றில் சாய்ந்து உட்கார்ந்திருந்தன. அப்பா கயிறுகளைத் தளர்த்த ஓடினார், நான் மதகுக்கு ஓடினேன். எதிர்ப்பக்கத்து ஷட்டர் திறந்திருந்தது. அதில் என் கைப்பிடி சிவப்புக் கம்பளியோடு மாட்டியபடி தொங்கிக்கொண்டிருந்தது.

காலடி கேட்கிறது. நாளைக்கு.

செவ்வாய் மாலை

ஷட்டரை இறக்கிவிட்டுக் கைப்பிடியைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு திரும்பினேன். சொல்லிவிடுவோம் என்றுதான் வந்தேன், சத்தியமாக. என்ன ஆச்சு என்று அப்பா கேட்டார், ஒரு ஷட்டர் திறந்திருந்தது என்றேன். அவர் அப்படியே படகின் கூரை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான்தானே லின் கடைசியா போனேன், மூடறோம்னு நெனச்சுத் திறந்திருக்கேன் போல, எனக்கு ஒண்ணுமே நினைவில்லையே என்றார். அவருடைய அப்பா கடைசி நாலு வருடம் ஞாபகமே இல்லாமல் எப்படி இருந்தார் என்று உனக்குத் தெரியும். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்துப் படகு டோரீன் இரவு உடையோடு கரையில் ஏறி, எவன்யா அது தண்ணியத் தொறந்துவிட்டவன், என் தட்டெல்லாம் போச்சே என்று கத்திக்கொண்டு வந்தாள். அவள் சுவரில் மாட்டியிருந்த பூவேலைத் தட்டுகள், புருஷன் இருந்தபோது ஒவ்வொன்றாகச் சேர்த்தது, பதினொன்றில் ஒன்பது உடைந்துவிட்டது. அப்பா தொப்பியைக் கழற்றி, நான்தான் டோரீன் என்றார். அவள் உடனே அடங்கிவிட்டாள். போப்பா, நானுந்தான் அடுப்புல பால வச்சுட்டுத் தூங்கறேன், வயசு ஆச்சுன்னா அப்படித்தான் என்றாள். திட்டியிருந்தால் தேவலை. இரண்டு நாளில் மேலிருந்து தண்ணீர் நிறைந்து படகுகள் மிதந்ததும், கரி விற்கும் படகுக்கார நெவில் வந்து, ஏன் கிரஹாம், குளிச்சு முடிச்சதும் தொட்டியோட அடைப்பானப் பிடுங்கிட்டியாமே, அடுத்த தடவ ஊர்க்காரங்களுக்கு முதல்ல சொல்லிடு என்று சிரித்தான். அப்பாவும் சிரித்தார். நெவில் போன பிறகு கரி மூட்டைகளை மூன்று தடவை எண்ணினார்.

அன்று முதல் படகு முழுவதும் சின்னச் சின்னச் சீட்டுகள். கேஸ் மூடினாயா, பின்கதவு பூட்டினாயா, மாத்திரை என்று அவர் கையெழுத்தில் ஒட்டியிருக்கிறது. தினமும் மதகுக்குப் போய் மேல் கதவிலும் கீழ்க் கதவிலுமாக நாலு ஷட்டரையும் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறார். உன் கைப்பிடி எங்கே என்று ஒருநாள் கேட்டார், தண்ணீரில் விழுந்துவிட்டது என்றேன். எல்லோருக்கும் விழுவதுதான், நம்பிவிட்டார். அது வெங்காயப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது.

இதுவரை எழுதியது கூடச் சுலபம். புத்தாண்டு அன்று காலை அவர், லின், இனிமே நாம இதுல இருக்கக் கூடாது, எனக்கு மூளை போச்சுன்னா உன்னை மூழ்கடிச்சிடுவேன், படகை வித்துட்டுக் கரையேறிடலாம் என்றார். அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது ஃபியோனா. அவர் கண்ணில் தண்ணீர் நிற்கிறது, நான் குளியல் தொட்டியை நினைக்கிறேன். பன்னிரண்டு வருடத்தில் படகு வேண்டாம் என்று நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை, அது அவருடைய கனவு, ஓய்வு பெற்ற அன்றே வாங்கியது. இப்போது நான் கேட்காமலே கிடைக்கிறது, சும்மா இருந்தால் போதும். அதனால் சும்மா இருந்தேன். இரண்டு வாரம். ஞாயிற்றுக்கிழமை அவர் உன்னிடம் ஃபோனில் தன் மறதியைப் பற்றிச் சொன்னதும், நீ அழுததும், டிக்கெட் போட்டு வருகிறேன் என்றதும் எல்லாம் கேட்டுக்கொண்டே நான் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறார். சனிக்கிழமை படகைப் பார்க்க ஒரு தம்பதி வருகிறார்கள்.

நான் சொன்னால் படகிலேயே இருந்துவிடுவோம், சொல்லாவிட்டால் அவர் தன்னைப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டே சாவார். இதை எழுதி உனக்கு அனுப்பிவிட்டால் பின்வாங்க முடியாது என்றுதான் எழுதுகிறேன். இது உன் கைக்கு வரும்போது நான் அவரிடம் சொல்லியிருக்காவிட்டால், ஃபோன் செய்து அப்பாவைக் கூப்பிட்டு நீயே சொல்லிவிடு. என் பேச்சைக் கேட்காதே.

வெள்ளி மாலை

தபாலில் போடவில்லை, போட வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று, ஆனாலும் போடுகிறேன். செவ்வாய்க்கிழமை அவர் நாற்பது நிமிடத்தில் வரவில்லை. ஐம்பது ஆயிற்று, ஒரு மணி நேரம் ஆயிற்று. கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன், இருட்டில் டார்ச் வெளிச்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வருகிறது. மதகின் மேல் பனியில் வழுக்கி விழுந்து, கதவுக் கட்டையைப் பிடித்துத் தொங்கி ஏறியிருக்கிறார். முழங்கையெல்லாம் தோல் உரிந்திருந்தது. எதற்குப் போனீர்கள் என்று கத்தினேன். நாலாவது ஷட்டரைத் தொட்டேனான்னு சந்தேகம் வந்துடுச்சு, திரும்பிப் போனேன் என்றார். நான்கு அடி தள்ளிக் கீழே ஆழமான தண்ணீர், அதன் மேல் கண்ணாடி மாதிரிப் பனி. என் சும்மா இருத்தல் அவரை எங்கே கொண்டுபோய்த் தொங்கவிட்டது பார்.

அவர் கையைத் துடைத்து மருந்து போட்டபடியே சொன்னேன். அவர் நம்பவில்லை. என்னைத் தேத்தறதுக்காகப் பழியை உன் தலையில போட்டுக்காதே லின், நீ அப்படிப்பட்டவதான், எனக்குத் தெரியும் என்று என் தலையைத் தடவினார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வெங்காயத்தைத் தரையில் கொட்டிவிட்டுப் பெட்டிக்கடியிலிருந்து கைப்பிடியை எடுத்து அவர் மடியில் வைத்தேன். கம்பளியில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விழுந்துடுச்சுன்னு சொன்னியே என்று மட்டும் கேட்டார். அன்று ராத்திரியும் புதன் முழுவதும் என்னோடு பேசவில்லை. கோபப்பட நியாயம் உண்டு, நான் தேநீர் வைத்தேன், அவர் குடித்தார், கப்பைக் கழுவி வைத்தார். சீட்டுகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கிழித்து அடுப்பில் போட்டார். மாத்திரைச் சீட்டை விட்டுவைத்தார், அது உண்மையிலேயே மறக்கிறதாம்.

வியாழன் காலை வெளிச்சம் வருமுன் அடுப்படியில் உட்கார்ந்திருந்தபோது, ஏன் சொல்லலை என்று கேட்டார். குளிருது கிரஹாம் என்றேன். இந்த வருஷம் மட்டுமா என்றார். ஆறு வருஷமாவே என்றேன். அவர் வெகுநேரம் அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு, அப்ப எனக்கு மூளை கெடலை, உனக்கு உடம்பு களைச்சிருக்கு, அது வேற இது வேற, ரெண்டையும் போட்டுக் குழப்பிட்டியே என்றார். தொப்பியை எடுத்துக்கொண்டு போய் டோரீனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தார், நான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும், போகிறேன், நாளைக்குக் கரைப்பாதையில் நடந்தே போகிறேன், அவளுக்குத் தட்டுகள் தேடிக்கொண்டிருக்கிறேன். இன்று காலை கிளம்பும்போது அவள் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள்.

சனிக்கிழமை வருகிறவர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். கேட்கவும் தைரியமில்லை. அவராகத்தான் சொன்னார், வரட்டும், பாக்கட்டும், ஆனா எனக்கு மறதி வந்துடுச்சுன்னு சொல்லி விக்க மாட்டேன், பொண்டாட்டிக்குக் குளிருதுன்னு சொல்லித்தான் விப்பேன். அவர்கள் வாங்குவார்களோ மாட்டார்களோ, வாங்கினால் எனக்கு அழுகை வருமோ, இப்போது எதுவும் தெரியவில்லை. களைப்பாக மட்டும் இருக்கிறது.

நேற்று மதியம் பனி உடைந்தது, ராத்திரி முழுவதும் படகுச் சுவரில் கட்டிகள் உரசிக்கொண்டே இருந்தன. இன்று காலை இடம் மாறி அடுத்த மதகைக் கடந்தோம். இறங்கும்போது அப்பா அந்தச் சிவப்புக் கம்பளிக் கைப்பிடியை எடுத்து என் கையில் கொடுத்தார். படகு வெளியே வந்தது, நான் கதவை மூடினேன், இரண்டு பக்கத்து ஷட்டரையும் இறக்கினேன். அவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடியே நின்றார், ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் பாதி வழி வந்துவிட்டு இரண்டு தடவை திரும்பிப் போய்ப் பார்த்தேன்.

டிக்கெட் போடாதே கண்ணு, போட்டிருந்தால் மாற்றிவிடு, வருவதென்றால் மே மாதம் வா. டாக்டரிடம் அப்பா எப்படியும் போவார், முழங்கையைக் காட்ட. இது உனக்கு வந்த பிறகு ஞாயிறு ஃபோனில் நீ எதுவும் தெரியாதது மாதிரி காட்டிக்கொள்ள வேண்டாம், இந்த வீட்டில் போதுமான அளவு அது ஆகிவிட்டது. வெயிலில் போகும்போது தொப்பி போட்டுக்கொள், டேனையும் போடச் சொல். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் வாயைத் திறந்து பேசிக்கொண்டு, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அன்பு அம்மா,
லின்

அப்பா இப்போது எதிரே உட்கார்ந்து முழங்கையில் கட்டு மாற்றிக்கொண்டிருக்கிறார். யாருக்கு எழுதறே என்று கேட்டார். ஃபியோனாவுக்கு என்றேன். என் அன்பையும் எழுது என்றார். எழுதிவிட்டேன்.