கடன் கேட்காமல் போனவர்கள்

இன்று காலை வங்கியின் மண்டல அலுவலகத்திலிருந்து அந்த மின்னஞ்சல் மறுபடியும் வந்தது. கடந்த மூன்று மாதங்களில் உங்கள் கிளையில் தொழில் கடனுக்கான தேவை கூடியதா, குறைந்ததா, அப்படியே இருக்கிறதா? படித்ததும் உன் மேல்தான் எரிச்சல் வந்தது. இந்தக் கேள்வியோடு என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டாயே.

பழவேற்காடு கிளைக்கு நீ மேலாளர், நான் கடன் பிரிவு அதிகாரி. ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்பதால் நமக்குள் மேடம் கிடையாது. ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தை மணல் மூடி, படகுகள் கடலுக்குப் போக முடியாமல் கிடந்த அந்த வருஷம்தான், நிலப் பத்திரம் இல்லாமல் யாருக்கும் தொழில் கடன் தரக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு வந்தது. ஏரிக்கரையில் எத்தனை பேரிடம் பத்திரம் இருக்கிறது? விஷயம் பரவி, விண்ணப்பங்கள் நின்றுபோயின. ‘குறைந்தது’ என்று நிரப்பி உன்னிடம் நீட்டினேன்.

“இன்னாடி குறைஞ்சிடுச்சி?” என்றாய். “மேல பாரு. கடன் விதிய இறுக்கினீங்களான்னு கேட்டுக்கீறாங்க, ஆமான்னு போட்டுக்கீற. கீழ, கேக்கறவங்க குறைஞ்சிட்டாங்கன்னு போட்டுக்கீற. ரெண்டையும் ஒருத்தனும் சேத்துப் படிக்க மாட்டானா?”

“வந்த விண்ணப்பத்தைத்தானே எண்ண முடியும்?” என்றேன். நீ ஸ்கூட்டர் சாவியை எடுத்தாய்.

என்னையும் ஏற்றிக்கொண்டு தோணிரேவு குப்பத்தில் செல்வியிடம் போய் நின்றாய்; மீனவர்களிடம் நண்டு வாங்கிச் சென்னைக்கு அனுப்புகிறவள். சின்ன வண்டி ஒன்று வாங்கக் கடன் கேட்டு முன்பு நம்மிடம் வந்தவள்.

“இப்போ கடன் வேணாமா?” என்று கேட்டாய்.

“வேணாங்கா. குடுக்க மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும். பஸ்ஸுக்குக் காசு குடுத்து வந்து இன்னாத்துக்கு நிக்கணும்? வட்டிக்காரர்கிட்ட வாங்கிட்டேன்.”

வட்டிக்காரரிடம் போனவர்களையும் சேர்த்தால் தேவை கூடித்தான் இருக்கிறது என்று, திரும்பி வந்ததும் ‘கூடியது’ என மாற்றினாய். மண்டல அலுவலகத்திலிருந்து உடனே போன். “மேடம், சுத்துவட்டாரத்துல எல்லாக் கிளையும் குறைஞ்சதுன்னு சொல்லுது. நீங்க மட்டும் ஏன் இப்படி?”

“ஒரு நாள் இங்க வந்து கேட்டுப் பாருங்க சார்,” என்றாய். அவர் சிரித்துவிட்டு வைத்தார்.

பிறகு எல்லாக் கிளைகளின் பதில்களையும் சேர்த்து வந்த தொகுப்பறிக்கையில் நம் பதில் இல்லவே இல்லை. கடலோரத்தில் கடனுக்குத் தேவை குறைவு என்று எழுதி, நம் கிளைக்கான ஒதுக்கீட்டையும் வெட்டினார்கள். மேஜையில் நீ ஓங்கிக் குத்தியதில் டீ கொட்டியது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் ‘கூடியது’ என்றே போட்டாய். ஒவ்வொரு முறையும் போன் வந்தது. ஒவ்வொரு முறையும் அவர்களைக் கூப்பிட்டாய். ஒருவரும் வரவில்லை. போன மழைக்காலத்தில் உன் இதயம் திடீரென்று நின்றுவிட்டது. உன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார்கள்.

இன்று நானும் ‘கூடியது’ என்றுதான் அனுப்பினேன். மதியத்துக்குள் போன். புதிய அதிகாரி, இளம் குரல். “மேடம், உங்க கிளை மட்டும்...” என்று ஆரம்பித்தார். எனக்கு உன் அளவுக்குப் பொறுமை ஏது? கத்திவிட்டேன். வாசலுக்கு வராமலே திரும்பியவர்களை உங்கள் கணக்கெடுப்பில் எந்தக் கட்டத்தில் போடுவது என்று கேட்டேன். இங்கே வந்து அவர்களிடமே கேளுங்கள் என்றேன். கவுண்டரில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

முன்பிருந்தவரைப் போல இவரும் சிரிப்பார். வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

“பொன்னேரியில இருந்து பழவேற்காட்டுக்குக் காலையில பஸ் எத்தனை மணிக்கு மேடம்?” என்றார்.

இதைக் கேட்க நீ இருந்திருக்க வேண்டாமாடி?