முன்தேதியிட்ட நோட்டீஸ்

4-7-1949, அரியலூர்
அரிசி மில்லில் காலையிலிருந்து நெல் அவியல். பிற்பகலில் கூலியாள் முருகையன் தகரக் கூரையிலிருந்து விழுந்துவிட்டார். ஓட்டைத் தகரத்தை மாற்ற ஏறியவர். முப்பதடி உயரம். இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டதாம். ரயிலில் திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆபீஸ் ஜன்னலிலிருந்து நான் பார்த்தேன். அவர் இடுப்பில் கயிறு இல்லை. கால் வைத்து நடக்கப் பலகையும் இல்லை.

5-7
மேஸ்திரி ராசாங்கம் பார்ப்பவர்களிடமெல்லாம், “கயிறு குடுத்தேன், அவருதான் வேணாம்னுட்டாரு” என்கிறார். யாரும் கேட்கவில்லையே. ஏன் சொல்கிறார்?

7-7
ராசாங்கம் கடைத்தெருவில் புதுக் கயிறு வாங்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாலையில் அந்தக் கயிறு பாய்லர் சாம்பலில் கிடந்தது. காலால் புரட்டிக்கொண்டிருந்தார். புதுசைப் பழசாக்குகிறார்.

8-7
முதலாளி கூப்பிட்டார். ‘கயிறு கட்டாமல் எவரும் கூரை மேல் ஏறக் கூடாது’ என்று நோட்டீஸ் எழுதச் சொன்னார். தேதி ஜூன் ஒன்று.
“முன்தேதி எதுக்குங்க?”
“ஒரு ஒழுங்குக்குத்தான். எழுதுங்க அமிர்தலிங்கம்.”
எழுதிவிட்டேன். ஏன் எழுதினேன்? நான்கு பிள்ளைகள், அதனால்தானா? பயம்தான். வேறென்ன.

10-7
வக்கீல் குமாஸ்தா கிருஷ்ணமூர்த்தியிடம் யார் பெயரும் சொல்லாமல் விசாரித்தேன். ஏப்ரலில் வந்த புதுச் சட்டப்படி, வேலை செய்யும் இடத்துக்கு ஆபத்தில்லாத வழி அமைத்துத் தருவது முதலாளியின் கடமையாம். ஆனால் பாதுகாப்புக்காகப் போட்ட உத்தரவை ஆள் வேண்டுமென்றே மீறினான் என்று காட்டிவிட்டால், காயத்துக்கு நஷ்டஈடு கிடையாது. அப்படியானால் அந்த நோட்டீஸ்? ஐயோ, முருகையனை நானே இன்னொரு தடவை தள்ளிவிட்டிருக்கிறேன்.
கிருஷ்ணமூர்த்தி ஏன் சிரித்தார்? முதலாளியிடம் போய்ச் சொல்லிவிடுவாரோ?

17-7
திருச்சிக்குப் போனேன். முருகையன் என் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
“கைநாட்டு வாங்க என்ன காயிதம் கொண்டாந்திருக்கீங்க, கணக்குப்புள்ள?”
“பழம்தாண்ணே.”
அவர் மனைவி கொளஞ்சியம்மாள் பையை வாங்கிக் கொட்டிப் பார்த்துவிட்டுத்தான் வைத்தார். “ஏறச் சொன்னப்ப கயிறு கேட்டாரு. மேஸ்திரி சிரிச்சாராம்” என்றார். நோட்டீஸ் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. திரும்பிவிட்டேன்.

21-7
நாளை பாக்டரி இன்ஸ்பெக்டர் வருகிறார். ராசாங்கம் இன்று மூன்று தடவை எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். மூன்றையும் குடிக்கவில்லை.

22-7
இன்ஸ்பெக்டர் நோட்டீஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “யார் கையெழுத்து?”
“என்னதுங்க.”
“எப்ப எழுதினது?”
முதலாளி என்னையே பார்த்தார்.
“அவர் விழுந்து நாலு நாள் கழிச்சு எழுதினதுங்க. கயிறும் அப்புறம் வாங்கினதுதான்.”
இன்ஸ்பெக்டர் அதை எழுதிக்கொண்டார்.

23-7
வேலை போயிற்று.

2-10-1949, ஆண்டிமடம்
முந்திரி மண்டியில் சேர்ந்து ஒரு மாதம். முதலாளியைக் காட்டிக்கொடுத்தவன் என்ற பேச்சு எனக்கு முன்பே இங்கே வந்துவிட்டது. மண்டியில் இரண்டு பேர் என்னையே கவனிக்கிறார்கள். கவனிக்கட்டும்.

18-12
முருகையன் பஸ்ஸில் வந்து, கோலை ஊன்றியபடி வீட்டு வாசலில் நின்றார். நஷ்டஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பாகிவிட்டதாம். அதைச் சொல்ல மட்டும் வரவில்லை.
“நீங்க எழுதுன நோட்டீசுதான் என்னைக் கவுத்தப் பாத்துச்சு. கோர்ட்டுலதான் தெரிஞ்சுது. இனிமே யாரு எழுதுனாலும் நானே படிச்சுப் பாக்கணும். ஒங்களயும் சேத்துதான் சொல்றேன். எனக்கு எழுத்து சொல்லிக் குடுங்க.”
“சரிண்ணே.”
உட்கார வைத்து, பையனின் சிலேட்டை எடுத்து ‘மு’ எழுதிக் காட்டினேன். அவர் அதை நம்பாமல் என் மனைவியிடம் காட்டி, “இது ‘மு’ தானாம்மா?” என்று கேட்டுவிட்டு எழுதத் தொடங்கினார்.