ஒன்பது நாள் பரிவாசம்

நவம்பர் 12, செவ்வாய், இரவு

சமஸ்கிருதம் படிக்கிற அக்கா மகள் ஜெனி மத்தியானச் சாப்பாட்டில், “பரிவாசம்னா என்ன மாமா?” என்றாள். மலைக்கோட்டையே எழுந்து நின்று கும்பிடும் மகாபண்டிதன் நான், திருதிருவென முழித்தேன். தங்குவது என்று பொருளாம். வாசனை என்றும் ஒரு பொருளாம். புத்த பிக்குகளுக்கோ அது தண்டனை. குற்றத்தை எத்தனை நாள் மறைத்தாரோ, அத்தனை நாள் மற்றவர்களோடு சேராமல் ஒதுங்கிக் கிடக்கணும்.

“பாவசங்கீர்த்தனத்துல நம்ம பங்குச் சாமியார் மூணு ஜெபத்தோட விட்ருவாரு. இது அநியாயம்மா!” என்று சிரித்தேன். அப்புறம் மேசைக்கடியில் விரல்விட்டு நாள் எண்ணினேன்.

பக்கத்து வீட்டு ஆரோக்கியம் டீச்சரின் நாய் டாமி கொட்டும் மழையில் என் வண்டியில் அடிபட்டுச் செத்து இன்றோடு ஒன்பது நாள். நான்தான் யாருக்கும் தெரியாமல் புதைத்தேன். டீச்சர் தினமும் பொழுதுசாய வாசலில் நின்று அதைக் கூப்பிடுவார்.

இன்று கூப்பிடவில்லை. சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“டாமி வந்துட்டான் தம்பி. உங்க வாசப்படியிலதான் படுத்திருக்கான். எம்புட்டுக் கூப்பிட்டும் வரமாட்டேங்கிறான்.”

படியில் ஒன்றுமில்லை. டீச்சர் அந்தப் படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விடிந்ததும் சொல்லிவிடணும். அதற்குக் கதவைத் திறக்கணும். ஆயிரம் யானையை அடக்கிய கை, தாழ்ப்பாள் பக்கம் போக மறுக்கிறது. மழையே இல்லை. கதவிடுக்கில் நனைந்த நாயின் வாசனை வருகிறது.