வெங்காயம் நல்லா இரிக்கி

ஜூன் 3
வெங்காயத் தாள் முழங்காலைத் தொடப் பார்க்கிறது. பாத்திகளுக்கு நடுவே வாய்விட்டுப் பாடிவிட்டேன். இவர் ஓடி வந்து, "சும்மா இரு ஹிதாயா, ஆக்களுக்குக் கேக்கப் போகுது" என்றார். எங்கள் ஊர் மாம்புரியில் விளைச்சலை நல்லது என்று சொல்லக்கூடாது, கண்ணூறு பட்டுவிடும். பள்ளிவாசலில் யார் கேட்டாலும் இவர் முகத்தைத் தொங்கப்போட்டு, "எங்க, இந்த முறை சரிவராது" என்பார். அந்த நடிப்புக்கு எனக்கே அழுகை வரும்!

ஜூன் 9
கெம்பஸில் படிக்கிற பிள்ளை ஒன்று போன் எடுத்தது. விவசாயத்தில் உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை, பத்துக்கு எத்தனை போடுவீர்கள் என்று ஆய்வாம். இவர் "ரெண்டு" என்றார். நான் போனைப் பறித்து, "ஒன்பது போடுங்க மகள்!" என்றேன். அதோடு பகல் முழுக்க இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஜூன் 12
சிரிப்பெல்லாம் போச்சு. பக்கத்துக் காணியைக் குத்தகைக்குக் கேட்டு, காணிக்காரர் ஜபார் நானாவின் பின்னால் எத்தனை நாள் அலைந்திருப்போம்! இன்று சொல்லிவிட்டார்: "நீயே சரிவராது எண்டு ஊரெல்லாம் சொல்றாய் நௌஃபர். உன்ன நம்பி எப்படிக் காணி தாற? லொட்ஜ் கட்ட ஒரு ஆள் கேக்கிறார்." யா அல்லாஹ்! தவளை தன் வாயால் கெடும் என்பது சரிதான். கைக்கு வர இருந்த காணி எங்கட வாயாலேயே போறதா? விடுவேனா நான்?

ஜூன் 13
ஜும்ஆ முடிந்ததும் நானாவைத் தோட்டத்துக்கே வரவழைத்தேன். ஒரு கொத்தைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தேன். சிவந்து, பருத்து — மாஷா அல்லாஹ். அவர் கொத்தைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்தார். "நீ சொல்லு நௌஃபர், எப்படி இரிக்கி?"

இவர் தொண்டையைச் செருமினார். வானத்தைப் பார்த்தார். சாரனை அவிழ்த்துக் கட்டினார். சொல்லுங்களேன் மனிஷன்! கடைசியில் கண்ணை இறுக்கி மூடி, "பிஸ்மில்லாஹ்... நல்லா இரிக்கி நானா." பிள்ளைப்பேறே தோற்றது, அவ்வளவு பாடு. நானா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

ஜூன் 14
காணி எங்களுக்கு! எங்களுக்கேதான்!

ஜூன் 29
வெங்காயம் பிடுங்கியாயிற்று. நல்ல விலை. லொறிக்கார முதலாளி எல்லாவற்றையும் விலைக்குக் கேட்டார். வருஷா வருஷம் இவர், அடுத்த போகம் சரிவராது என்ற பயத்தில் விதைக்குக்கூட மிச்சம் வைக்காமல் விற்றுவிட்டு, பிறகு கூடின விலைக்கு வாங்குவார். இந்த முறை காய்ந்த வெங்காயப் பிடிகளில் பாதியைத் தானே கொட்டிலில் தொங்கவிட்டிருந்தார். முதலாளி அதிலும் கை வைத்தார்.

"அது விக்கிறதுக்கில்ல. ரெண்டு காணிக்கும் நடோணும்" என்றார் இவர்.

நான் சொல்லிக்கொடுக்கவில்லை. குசினிக்குள் ஓடிப்போய் அழுதேன், சிரித்தேன், தேத்தண்ணீர் போட்டேன். சீனி போட மறந்துபோனேன். இவர் அப்படியே குடித்துவிட்டு இன்னும் ஒரு கோப்பை கேட்டார்.