உங்கள் புழுக்கள் சின்னம்மா வீட்டில்

டாக்டரம்மா,

ஆமணக்கு இலைக் காம்பைக் கிள்ளினால் கசிகிற நீர் விரலெல்லாம் காய்ந்து பிசுபிசுக்கிறது. சோப்புப் போட்டேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. உங்கள் சேலைத் தலைப்பில் எப்போதும் இருந்த அந்தப் பச்சை நெடி இப்போது என் கையில். பிடித்திருக்கிற பேனாவும் சேர்ந்து நாறுகிறது. மணக்காத ஒன்றுக்கு ஆமணக்கு என்று பெயர் வைத்தவன் என்னைவிடப் பெரிய குறும்பனாக இருந்திருக்க வேண்டும்.

நீங்கள் போய் இது மூன்றாம் நாள். துக்கத்துக்காகக் கல்லூரிக்கு விடுமுறை. லீவுக்காக உயிரை விடுகிறவள் நான். நீங்கள் நிஜமாகவே உயிரை விட்டு லீவு வாங்கிக் கொடுத்துவிட்டீர்கள். இதில்கூட என்னை ஜெயிக்க வேண்டுமா? இப்படி எழுதுவது மரியாதை இல்லைதான். மரியாதையாகப் பேச நாளைக்கு இரங்கல் கூட்டத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். என்னால் ஓர் இடத்தில் உட்காரவே முடியவில்லை. ஒரு வரி எழுதுவதும், எழுந்துபோய்க் கட்டிலுக்கடியில் குனிந்து பார்ப்பதுமாக இருக்கிறேன். உங்கள் புழுக்கள் அங்கேதான் இருக்கின்றன. நான் தங்கிப் படிக்கிற என் சின்னம்மா வீட்டுக் கட்டிலுக்கடியில், முறங்களில்.

வடக்கே ஒரு பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராக இருந்த அம்மையார் பிறந்த ஊருக்கே திரும்புகிறார், நம் கல்லூரியில் ஆராய்ச்சிக்கு ஓர் அறை கேட்டிருக்கிறார் என்று சொன்னபோது, பி.யு.சி.யில் விரல்விட்டு எண்ணும்படி இருந்த பெண்கள் நாங்கள் ஒரு பெரிய காரை எதிர்பார்த்து வராந்தாவில் நின்றோம். நீங்கள் குதிரை வண்டியில் வந்து இறங்கினீர்கள், மடியில் ஒரு கூடையோடு. புதுக்கோட்டையில் டாக்டர் என்றால் ஊசி என்றுதான் அர்த்தம். காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உங்கள் அண்ணன் வீட்டுக்கு வந்தவளிடம் "நான் பூச்சி டாக்டருங்க" என்று நீங்கள் சொல்ல, "புள்ளைக்குப் பூச்சிதாங்க, வயித்துல" என்று அவள் நகராமல் நின்றாளாமே.

முதல் நாள் என் பெயரைக் கேட்டீர்கள். "ஆரோக்கியம்" என்றேன்.

"எனக்கும் ஆரோக்கியம்தான். நீ பேரைச் சொல்லு."

ஆவூர்க் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியதிலிருந்து இந்தப் பெயரை வைத்து ஊரையே கிண்டல் செய்தவள் நான். என் ஆயுதத்தை என்மேலேயே வீசியது நீங்கள்தான். அதற்குப் பதிலடியாகத்தான் கரும்பலகையில் "புழுவேந்தர் வருகிறார்" என்று எழுதினேன். நீங்கள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தீர்கள். "துணைவேந்தரா இருந்தவள வேந்தராவே ஆக்கிப்புட்டாங்களே. வேலை ஒசந்துருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தீர்கள்.

நான் விடவில்லை. வெள்ளை வெளேரென்று, மேலே மாவு தூவினாற்போல இருக்கும் உங்கள் புழுக்களைப் பார்த்து ஒரு சாக்பீஸைச் செதுக்கி, கணுவெல்லாம் வைத்து, முறத்தின் நடுவே படுக்க வைத்தேன். மறுநாள் பார்த்தால் அதன் முகத்துக்கு நேரே ஓர் இலை, பக்கத்தில் உங்கள் கையெழுத்தில் ஒரு சீட்டு: "இது சாப்பிட மறுக்கிறது. ஆரோக்கியத்தை வரச் சொல்லவும்." வந்து நின்றேன். "ஒன் புழு பட்டினி கெடக்கு. இனிமே மத்தியானம் நீயே வந்து பாத்துக்க" என்றீர்கள். அப்படித்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது. ஒரு சாக்பீஸுக்கு ஆயாவாகச் சேர்ந்து, அத்தனை புழுவுக்கும் ஆயாவானேன்.

இருங்கள். தின்கிற சத்தம் குறைகிறது. இலை போட்டுவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். சின்னம்மா முறைக்கிறாள்.

குடுமியான்மலைப் பக்கத்து வரப்புகளில் நல்ல இலை கிடைக்கும் என்று ஒரு சனிக்கிழமை போனோம், நினைவிருக்கிறதா? திரும்பும்போது ஈரச் சாக்கு நிறைய இலை. பஸ்ஸில் கண்டக்டர், "சொட்டுதுங்க, சீட்டுல வைக்காதீங்க" என்றார். வழியெல்லாம் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். இறங்கும்போது சேலையின் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

"பாக்குறவங்க என்ன நெனப்பாங்க, டாக்டரம்மா?"

"என்னைய ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. கூட வார ஒன் மொகரையப் பாத்தாலே தெரியுமே, தண்ணிய ஊத்துனது யாருன்னு."

அன்றைக்கு அந்தப் பஸ்ஸில்தான் எனக்குச் சொன்னீர்கள். இது அசாம் மழையில் வளர்ந்த பட்டுப்புழு. நம் ஊர் வெயிலில் பெரும்பாலானவை சுருண்டு விழும். தாங்கி நிற்கிற கொஞ்சத்தை மட்டும் பிரித்தெடுத்துக் கூடு கட்ட விட்டு, அந்த முட்டையிலிருந்து அடுத்த தலைமுறை. அதிலும் தாங்குவதை மட்டும் எடுத்து, அதற்கும் அடுத்தது. "வரப்புல ஆமணக்கு நிக்கிது, வீட்டுல பொம்பள வேலையில்லாம நிக்கிறா. நடுவுல வெயில் தாங்குற புழு ஒண்ணுதான் வேணும்" என்றீர்கள். ஜன்னலுக்கு வெளியே கடலைக்காடுகள் காய்ந்து கிடந்தன. எங்கள் அப்பாவின் காடும் அந்த வருஷம் அப்படித்தான் கிடந்தது. எனக்கு அப்போது எந்தச் சிலேடையும் வரவில்லை.

நீங்கள் போன அன்று உங்கள் அண்ணன் வீட்டில் உங்களை நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தார்கள். நம் பக்கத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து கார்கள் வந்தன. மாலைக்கு மேல் மாலை. அறிவியல் வானில் ஒரு தாரகை உதிர்ந்ததாக ஒருவர் தழுதழுத்தார். நீங்கள் கேட்டிருந்தால் எந்தப் பக்கம் விழுந்தது என்று விசாரித்திருப்பீர்கள். எனக்கு முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை, கையைப் பார்த்தேன். நகக்கண்ணில் ஆமணக்குக் கறை. யாரோ தேய்த்துக் கழுவிப் பார்த்து விட்டுவிட்டிருந்தார்கள். அப்போதுதான் புழுக்களின் நினைவு வந்தது. முந்தின நாள் சாயங்காலம் நீங்கள் கடைசியாக இலை போட்டிருப்பீர்கள். அதற்கப்புறம் யார் போட்டது?

பியூன் மாணிக்கம் அண்ணன் வாசலில் நின்றார். "அண்ணே, டாக்டரம்மா ரூம் சாவி வேணும். புழுவுக்கு எலை போடணும்."

"பிரின்ஸ்பால் ஐயா பூட்டச் சொல்லிட்டாரு. அவரு சொன்னாத்தான். அதுவும் நீ கேட்டுக் குடுப்பேனா? என் சைக்கிள் மணியக் கழட்டி ஆபீஸ் மேசையில வச்சவதானே நீ."

பிரின்சிபாலிடம் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் முகம் சுருங்கியது. "இன்னைக்குமா ஒன் வெளையாட்டு? போம்மா, பொம்பளைங்க பக்கம் போயி ஒக்காரு."

நான் உண்மை சொன்னால் நம்ப அந்த இடத்தில் நீங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள். உங்களுக்குக் கண் மூடியிருந்தது.

சரி, உண்மை வேகவில்லை என்றால் எனக்குத் தெரிந்ததைத்தான் செய்ய வேண்டும். கல்லூரிக்குப் பின்னால் ஓடிப்போய் இலை பறித்துச் சைக்கிள் கொட்டகையில் ஒளித்து வைத்துவிட்டுத் திரும்பினேன். உங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். பல்கலைக்கழகப் பெரியவர் ஒருவர் கால் முடியாமல் மயானத்துக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார். துணைக்கு நம் பிரின்சிபால். அவர் தண்ணீர் குடிக்க எழுந்த நேரத்தில் பெரியவரிடம் குனிந்தேன். "ஐயா, டாக்டரம்மாவோட ஆராய்ச்சி ரூமைத் தங்களுக்குக் காட்டணும்னு எங்க பிரின்சிபாலுக்கு ஆசைங்க. கேக்கத் தயங்குறாரு." பிறகு தண்ணீர்ச் செம்பருகே போய்ப் பிரின்சிபாலிடம்: "ஐயா, வந்துருக்க பெரியவருக்கு டாக்டரம்மா ரூமைப் பாக்கணுமாம். சொல்லக் கூச்சப்படுறாருங்க."

இரண்டு பெரிய மனிதர்கள் ஒருவருக்கொருவர் முடியாது என்று சொல்லவே மாட்டார்கள். இது என் கண்டுபிடிப்பு. "தங்களுக்குச் சிரமமில்லையென்றால்" என்றார் ஒருவர். "பாக்கியமாயிற்றே" என்றார் மற்றவர். கார் என்னையும் மாணிக்கம் அண்ணனையும் முன்னால் ஏற்றிக்கொண்டு நேரே கல்லூரிக்கு வந்தது. மாணிக்கம் அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பூட்டைத் திறந்தார்.

அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. முறங்களில் இலை நரம்புகூட மிச்சமில்லை. புழுக்கள் விளிம்பில் ஏறி, முன்னுடம்பைத் தூக்கி, வெறும் காற்றில் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தன. ஒன்று உங்கள் நாற்காலிக் கையில் ஏறியிருந்தது. நான் கொட்டகைக்கு ஓடி இலையை அள்ளிவந்து பரப்பினேன். கொஞ்ச நேரத்தில் சரசரவென்று அந்தச் சத்தம் எழுந்தது. பெரியவர் ஜன்னலைப் பார்த்தார். "மழையா?" என்றார். வெளியே வெயில் கொளுத்தியது.

பிரின்சிபால் என் பக்கம் நகர்ந்து தாழ்ந்த குரலில் கேட்டார். "இது ஒன் வேலைதானே?"

"அவங்க வேலைங்கய்யா. நான் பாதியிலேர்ந்து பாக்குறேன்."

அவர் நாற்காலிக் கையில் இருந்த புழுவைப் பார்த்து விலகி நின்றார். பிறகு, இரங்கல் கூட்டத்துக்கு முன்னால் அறையைச் சுத்தம் செய்யப்போவதாகவும், உங்கள் படத்தை இங்கேதான் மாட்டப்போவதாகவும் பெரியவரிடம் சொன்னார். "நல்ல ஏற்பாடு" என்றார் பெரியவர். புழுவையெல்லாம் என்ன செய்வதென்று கேட்டேன். "அதான் நீ இருக்கியே, எடுத்துட்டுப் போ." தொல்லை விட்டது என்றுதான் சொன்னார். நான் அதை வேலை நியமன உத்தரவாக எடுத்துக்கொண்டேன்.

சின்னம்மா கூடையைத் திறந்து பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனாள். "ஏண்டி, எழவு வீட்டுலேர்ந்து ஞாபகத்துக்கு ஒரு போட்டோ கொண்டாந்தா சரி. இதையா கொண்டாருவ?" திட்டிக்கொண்டேதான் முறங்களைக் கொடுத்தாள். உங்கள் அறையில் செய்வதுபோல, வெக்கை படாமல் சுற்றிலும் ஈரச் சாக்கு போட்டேன். அன்று சாயங்காலமே, "அந்தச் சாக்கு காஞ்சு கெடக்கு பாரு, தண்ணியத் தெளி" என்று என்னை எழுப்பியவளும் அவள்தான்.

அந்தச் சாக்குதான் இப்போது என் பிரச்சினை, டாக்டரம்மா.

ஒவ்வொரு தலைமுறையிலும் கூடு கட்டுவதற்குச் சில நாள் முன்பு ஓர் உச்சிவேளையில் ஈரச் சாக்கையெல்லாம் எடுத்துவிட்டு, வெயில் தாங்குகிறவற்றைப் பொறுக்குவீர்கள். அந்த நேரத்தில் மட்டும் என்னை வெளியே அனுப்பிவிடுவீர்கள். "நீ இருந்தா சிரிப்பேன். சிரிச்சா கை தப்பும்." அதனால் எதைப் பார்த்து எடுத்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. இன்றோ நாளையோ அதைச் செய்தாக வேண்டும், புழுக்கள் அவ்வளவு பெருத்துவிட்டன. சாக்கை அப்படியே விட்டால் அநேகமாக எல்லாம் பிழைக்கும், சின்னம்மாவும் சந்தோஷப்படுவாள், நீங்கள் இத்தனை தலைமுறை செய்தது கரைந்துபோகும். எடுத்தால் உங்கள் கையிலிருந்து கடைசியாகத் தின்றவை என் கண்முன்னே சாகும். ஒன்றுகூட மிஞ்சாமலும் போகலாம்.

இவ்வளவும் எழுதிவிட்டு எழுந்துபோய்ச் சாக்கை எடுத்துவிட்டேன். முறங்களைக் கட்டிலுக்கடியிலிருந்து ஓட்டுக்கூரை வெக்கை அடிக்கும் முற்றத்தின் ஓரத்துக்கு இழுத்தேன். "கொல்லப்போறியாடி?" என்றாள் சின்னம்மா. மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் எல்லாமே அசையாமல் கிடந்தன. பிறகு பல சுருண்டன. என்னால் தாங்க முடியாமல் சாக்கைக் கையில் எடுத்தேன், திரும்பவும் கீழே வைத்தேன். அப்போது ஒன்று ஊர்ந்து இலை விளிம்பைக் கவ்வியது. பக்கத்தில் இன்னொன்று. தின்றவற்றை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து வேறு முறத்தில் விட்டேன். இதுவா உங்கள் வழி, தெரியாது. சிரிக்கவில்லை; ஆனாலும் கை தப்பியிருக்கலாம்.

இப்போது பழைய முறத்தில் அசைவது ஒன்றே ஒன்றுதான். தலையைத் தூக்குகிறது, இலையைத் தொடுகிறது, தின்ன மாட்டேன் என்கிறது. மறுபடி தூக்குகிறது. எழுதிக்கொண்டே அதைப் பார்க்கிறேன். நீங்களாக இருந்தால் இதைத் தின்றவற்றோடு சேர்த்து எடுத்திருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

எடுத்துவிட்டேன்.